அக்காவின் போனில் என் கட்டைவிரல்

தோட்டத்து மண்சாலையில் பாதி தூரம் வந்த பிறகுதான் போன் அடித்தது. நிபோங் திபால் பக்கம் ஓர் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் குலை வெட்டும் வேலையை அன்று காலை விட்டிருந்தேன். சண்டையெல்லாம் ஒன்றும் இல்லை. ஓர் இடம் எனக்குச் சலித்துவிட்டால் கால் தானாக வெளியே திரும்பி நிற்கும், அவ்வளவுதான். தோளில் ஒரு பை. பைக்குள் சட்டைகள், கைலி, பாதி தீர்ந்த தைலப் போத்தல். வெள்ளிக்கிழமை, வெயில் இன்னும் ஏறவில்லை, நடக்க நன்றாக இருந்தது.

"எங்கடா இருக்க?"

சூலியா தெரு தோசைக்கடை அக்கா. அவர் கடையில் நான் முன்பு வேலை பார்த்திருக்கிறேன். நலம் விசாரிக்கும் பழக்கம் அவருக்கு எப்போதும் கிடையாது.

"தோட்டத்துலக்கா. இல்ல, இப்பதான் தோட்டத்துக்கு வெளிய."

"உன் கட்டவிரலு உங்கிட்டதான இருக்கு?"

குலை வெட்டுகிறவனிடம் கேட்கக்கூடிய கேள்விதான். பார்த்துக்கொண்டேன். பனைமுள் கீறல்கள் இருந்தன, விரலும் இருந்தது.

"இருக்குக்கா."

"அதக் கூட்டிக்கிட்டு உடனே வா. மதியத்துக்குள்ள வரலேன்னா எனக்கு வேன் போச்சு. வேன் போனா கடையும் போச்சுலா."

விவரத்தை மூச்சு விடாமல் சொன்னார். அக்கா கடை போட்டிருந்தது ஒரு பழைய கடைவீட்டின் அஞ்சடியில், அதாவது வாசலை ஒட்டிய நடைபாதையில். அந்தக் கடைவீட்டைப் பயணிகள் தங்கும் ஓட்டலாக மாற்றப்போகிறார்கள். மாதக் கடைசிக்குள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். தெருவில் வேறு அஞ்சடி காலி இல்லை. இருந்தாலும் வாடகை அவருக்கு எட்டும் உயரத்தில் இல்லை. அதனால் ஒரு வேன் வாங்கி, பின்னால் தோசைக்கல்லை வைத்து, வண்டியிலேயே கடை நடத்துவது என்று முடிவு செய்திருந்தார். அதே தெருவில் பருப்பு மொத்த வியாபாரம் செய்யும் ஒரு முஸ்லிம் பெரியவர் தன் பழைய வேனை விற்கிறார். வயது வித்தியாசம் இல்லாமல் தெருவே அவரை நானா என்றுதான் கூப்பிடும். விலை பேசியாகிவிட்டது. கையெழுத்துதான் பாக்கி. அந்தக் கையெழுத்து என் விரலில் இருந்தது.

இது எப்படி நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் போனிலேயே வாங்கி விற்பவர்களுக்குக் கையெழுத்தும் போனில்தான். அதற்கு ஓர் ஆப். அடையாள அட்டையை, அதாவது ஐசி கார்டைக் காட்டி, முகத்தைக் காட்டி ஒருமுறை பதிந்துகொண்டால், அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் விரலை வைத்தால் போதும். எதிரில் உட்கார்ந்து பேனா பிடித்துப் போட்ட கையெழுத்துக்குச் சமம். நம்பர் அழுத்தினால் போன் திறக்கும், ஆனால் கையெழுத்து விழாது. அதற்கு விரல்தான் வேண்டும்.

அக்காவுக்கு அந்த விரல்தான் இல்லை. வருஷக்கணக்காகச் சுடச்சுடத் தோசையின் ஓரத்தை வெறும் கையால் கிள்ளித் திருப்பிப் போட்டவர். கட்டைவிரலும் பக்கத்து இரண்டு விரல்களும் தேய்த்த ஈயப் பாத்திரம் மாதிரி வழவழவென்றிருக்கும், ஒரு கோடு கிடையாது. நான் அங்கே மாவாட்டிக்கொண்டிருந்த காலத்தில் மாவும் கேஸும் ஆர்டர் செய்ய அந்த ஆப் தேவைப்பட்டது. அக்கா கார்டைக் காட்டினார், முகத்தைக் காட்டினார். விரல் என்று வந்தபோது போன் முகத்தைத் திருப்பிக்கொண்டது. கழுவிப் பார்த்தார், துடைத்துப் பார்த்தார், ஊதியும் பார்த்தார்.

"என் விரல வைக்கவாக்கா?" என்றேன், சும்மா.

"வைலா. எவன் விரலா இருந்தா என்ன, மாவு வந்தாச் சரி."

வைத்தேன். அன்றிலிருந்து பெயர் அவருடையது, முகம் அவருடையது, விரல் என்னுடையது. காலை நெரிசலில் அடுப்படியிலிருந்து "கையெழுத்து!" என்று கத்துவார். நான் ஆட்டுக்கல்லை விட்டு எழுந்து, கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு போய் அழுத்திவிட்டு வருவேன். சாப்பிட வந்தவர்கள் என்னைப் பெரிய ஆபீசர் என்று நினைத்திருக்கலாம். பிறகு அந்த இடமும் எனக்குச் சலித்தது, கிளம்பினேன். அக்கா மாவையும் கேஸையும் நேரில் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தார். விரலைப் பற்றி இருவருமே மறந்துபோனோம்.

தோட்டத்துப் பையன் ஒருவன் மோட்டார் சைக்கிளில் நிபோங் திபால் ஸ்டேஷன் வரைக்கும் ஏற்றிக்கொண்டான். அங்கிருந்து கொமுட்டர் ரயில், பட்டர்வொர்த்தில் இறங்கினால் தீவுக்குப் போகும் பெரிக் கப்பல். பெரியில் எனக்கு எப்போதும் ஒரு நிம்மதி உண்டு. இந்தக் கரை வேலை முடிந்தது, அந்தக் கரை வேலை ஆரம்பிக்கவில்லை, நடுவில் தண்ணீரில் யாரும் நம்மை ஒன்றும் கேட்க முடியாது. அன்று அக்கா கேட்டார். நான்கு தடவை.

"எங்க?"

"தண்ணிமேலக்கா."

"நீந்தி வாயேண்டா, சீக்கிரம் வருவ."

படித்துறையில் இறங்கி நேராக நடந்தால் சூலியா தெரு. நானாவின் கடை வாசலில் வேன் நின்றது. வெள்ளை நிறம் என்று ஒரு காலத்தில் சொல்லியிருப்பார்கள். பக்கக் கதவில் பருப்பு மூட்டை உரசி உரசிப் பெயிண்ட் போன இடத்தில் ஒரு வழுக்கை. அக்கா அந்தக் கதவில் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார், யாராவது ஓட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதைப்போல. வெள்ளிக்கிழமை என்பதால் தலைக்குக் குளித்து, கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றி நிறையத் திருநீறு.

"இளைச்சுட்ட" என்றார். அவ்வளவுதான் வரவேற்பு.

நானா கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஜும்மா தொழுகைக்காகத் தொப்பியை எடுத்து மேசைமேல் வைத்திருந்தார்.

"வந்தாரா கட்டவிரல் தொரை? இங்க பாரு தம்பி, நான் கையெழுத்துப் போட்டாச்சு. போன்ல அவங்களோடது மட்டும்தான் பாக்கி. புக்கிட் மெர்தாஜம்ல இருந்து ஒரு ஆளு, ஜும்மா முடிஞ்சு வரேன்னு சொல்லியிருக்காரு. நான் பள்ளிக்குக் கிளம்புறதுக்குள்ள கையெழுத்து விழுந்தா வேன் அக்காவுக்கு. விழலேன்னா அவருக்கு. ரெண்டு பேருக்கும் ஒரே பேச்சுதான் சொல்லியிருக்கேன்."

"பேப்பர்ல எழுதிக்கலாமே நானா?"

"பேப்பர்ல ஒருக்கா வித்தேன். வாங்கினவன் இது என் கையெழுத்தே இல்லன்னான். இனிமே போன்தான். இதுல மாத்திப் பேச முடியாதுலா."

நான் பையைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் போனை வாங்கினேன். கட்டைவிரலைப் பக்கவாட்டுப் பொத்தானில் வைத்த மாத்திரத்தில் திறந்துகொண்டது. இவ்வளவு நாள் கழித்து, பனைமுள் கீறலோடு, ஒரு முறை கூடத் தயங்கவில்லை. கையெழுத்து ஆப்பைத் திறந்தேன். வேன் நம்பர், அக்கா பெயர், நானா பெயர், கீழே ஒரு பச்சைப் பெட்டி. விரல் வைக்கவும்.

வைக்கப்போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"இரு."

"என்னக்கா?"

அவர் போனைப் பார்க்கவில்லை, என் விரலைப் பார்த்தார். "என் போனு. என்னைத் தெரியல. உன்னத் தெரியுது."

"அதுக்குத்தான கூப்பிட்டீங்க."

"கூப்பிட்டேன். இப்ப வேணாங்குறேன். மாவு வந்துச்சு, சுட்டேன், தின்னாங்க, முடிஞ்சு போச்சு. இது வேன்டா. நாளைக்கு ரோடு டேக்ஸ், இன்சூரன்ஸ், ஒவ்வொண்ணுக்கும் கையெழுத்து கேப்பான். ஒவ்வொரு தடவையும் நீ எந்தத் தோட்டத்துல தொங்கிக்கிட்டு இருக்கேன்னு நான் தேடுவேனா? நாளப்பின்ன விக்கணும்னாலும் உன்னத்தான் கேக்கணும். என் வேனுக்கு நான் யாரு?"

நானா சிரித்தார். "நியாயம்தான். ஆனா நேரம் பாத்துக்குங்க."

நானும் எதிர்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது, பெரியில் வரும்போது விரலைச் சட்டைப் பையில் வைத்துப் பாதுகாத்துக்கொண்டு வந்தேன். ஆனால் அக்கா சொன்ன கணக்கில் நான் எங்கே போனாலும் அவர் போனோடு ஒரு கயிறு கட்டியிருக்கும் என்பது அந்த நிமிஷம்தான் உறைத்தது. கயிறு எனக்கு ஒத்துவராது.

"சரிக்கா, என்னோடத எடுத்துட்டு உங்களோடத வச்சிருவோம். உங்களுக்குத் தேயாத விரல் ஏதாவது இருக்கா?"

அக்கா இரண்டு கைகளையும் விரித்து, சந்தையில் மீன் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்தார். வலது கை மொத்தமும் தோசைக்கல்லுக்குப் போய்விட்டது. இடது கைக் கட்டைவிரலில் தேங்காய் துருவியதில் தழும்பு. நடுவிரல்கள் சுமார். கடைசியில் இடது சுண்டுவிரல். எந்த வேலை செய்தாலும் அது மட்டும் தனியாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். அவர் டீ குடிக்கும்போது பார்த்திருக்கிறேன், பெரிய வீட்டுப் பெண் மாதிரி. அதில் கோடுகள் அத்தனையும் புதிதாக இருந்தன.

"இத்தன வருஷமா வேல செய்யாம ஏமாத்தியிருக்கு பாத்தியா" என்றார் அக்கா, அதைத் திட்டிக்கொண்டே.

செட்டிங்கில் போய் என் விரலை அழித்தேன். சுண்டுவிரலைப் பதித்தோம். எண்ணெய்ப் பிசுக்கு போகச் சோப்பு, ஈரம் போக நானாவின் கடையிலிருந்து ஒரு துண்டு. போன் மேலே வை, பக்கத்தில் வை, நுனியை வை என்று வேலை வாங்கியது. சுண்டுவிரல் புது மருமகள் மாதிரி சொன்னதெல்லாம் செய்தது. பதிந்துவிட்டது. மூன்று பேருக்கும் ஒரே சந்தோஷம். மறுபடி கையெழுத்து ஆப்பைத் திறந்தேன்.

சிவப்பு எழுத்து. இந்த போனில் விரல் பதிவு மாற்றப்பட்டுள்ளது. உங்கள் கையெழுத்து இனி செல்லாது.

"என்ன சொல்லுது?" என்றார் அக்கா.

இன்னொரு தடவை சத்தமாகப் படித்துக்காட்டினேன். என் விரலை அழித்தாகிவிட்டது. இப்போது அவர் விரலும் செல்லாது, என் விரலும் செல்லாது. அடுத்த தெரு பள்ளிவாசலில் ஒலிபெருக்கியைத் தட்டிச் சரிபார்க்கும் சத்தம் கேட்டது. நானா தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

ஆப்பில் இருந்த உதவி நம்பரை அழுத்தினோம். ஒரு பெண் மலாயில் ஆரம்பித்து, அக்கா தமிழில் பதறுவதைக் கேட்டுத் தானும் தமிழுக்கு வந்தாள்.

"புது விரல் சேத்தீங்களா ஆன்ட்டி?"

"ஆமாம்மா. என் விரலத்தான் சேத்தேன்."

"அதுக்கு முன்ன இருந்தது யார் விரல்?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அதுவும்... நம்ம கடை விரல்தாம்மா."

அந்தப் பக்கம் ஓர் இருமல் கேட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். பிறகு பொறுமையாகச் சொன்னாள். கையெழுத்துக்கு ஒரு சாவி உண்டு, அது போனுக்குள்ளேயே பூட்டி இருக்கும், வெளியே வராது. போனில் புதிதாக ஒரு விரல் ஏறினால், திருடன் விரலாக இருக்கலாம் என்று அந்தச் சாவியை போனே அழித்துவிடும். சொந்தக்காரர் மறுபடி முதலிலிருந்து வரவேண்டும், ஐசியோடு, முகத்தோடு. "இனிமே கடை விரல் வேணாம் ஆன்ட்டி. உங்க விரல் மட்டும் இருக்கட்டும்."

"அதத்தாம்மா பண்ணிக்கிட்டு இருக்கேன், அதுக்குத்தான் இத்தன பாடு!"

ஐசி பிரச்சனை செய்யவில்லை. முகம் செய்தது. ஐசி படத்தில் இருக்கும் அக்காவுக்கு வயது குறைவு, கன்னம் அதிகம். கடைக்குள் வெளிச்சம் போதவில்லை என்று ஆப் சொன்னது. வெளியே வந்தால் நிழல் விழுகிறது என்றது. கண்ணாடியைக் கழற்று என்றது. கழற்றினால் அக்காவுக்குத் திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்காட்டினேன். உடனே, இரண்டு முகம் தெரிகிறது, ஒருவர் மட்டும் நிற்கவும் என்றது. நான் தரையில் உட்கார்ந்துகொண்டு கத்தினேன்.

"இடப்பக்கம் திரும்புங்க. போதும், போதும். இப்ப கண்ண மூடித் தொறங்க. சிரிங்க."

"எதுக்குடா சிரிக்கணும்? என் பொழப்பே சிரிப்பாத்தான இருக்கு."

"ஆப்பு சொல்லுதுக்கா."

நெற்றியில் திருநீறு இருப்பதாலோ என்று எனக்குச் சந்தேகம். சொல்லவா வேண்டாமா என்று நான் தயங்கியதை நானா கவனித்துவிட்டார். "அது இருக்கட்டும்லா. அதுக்கும் கேமராவுக்கும் சண்ட இல்ல. நெழல்தான்" என்றார். உள்ளே போய்க் காலியான வெள்ளைக் கோணி ஒன்றை எடுத்து வந்தார். அதை விரித்துப் பிடித்து, வெயில் அதில் பட்டு அக்காவின் முகத்தில் விழுகிற மாதிரி நின்றார். வேனை வேறு ஆளுக்குக் கொடுக்கப்போகிற மனிதர், அதே வேனுக்காகக் கோணி பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்கிறார். பின்னால் வந்த ஒரு லோரிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். "படம் புடிக்கிறோம், பொறு!" என்று நானா அவனை அதட்டினார். லோரிக்காரன் எட்டிப் பார்த்து, "யாருக்கு மாப்பிள்ள பாக்குறீங்க?" என்று கேட்டான். அதில் அக்கா சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைத்தான் ஆப் எடுத்துக்கொண்டது.

பதிவு பரிசீலிக்கப்படுகிறது, காத்திருக்கவும். ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. பாங்கு சொல்ல ஆரம்பித்தார்கள். தெருவில் கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக இறங்கின. நானா தொப்பியை வைத்துக்கொண்டார், கதவைப் பாதி இறக்கினார், பாதியிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். எங்களை அவசரப்படுத்தவில்லை. முழுக்கவும் இறக்கவில்லை. அக்கா போனைப் பார்க்க முடியாமல் வேனின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வட்டம் நின்றது. பச்சைப் பெட்டி வந்தது.

"அக்கா, இப்ப."

சுண்டுவிரலை வைத்தார். மீண்டும் முயலவும் என்றது. விரலில் வியர்வை. நான் தொடவில்லை. தொட்டிருந்தால் அடி விழுந்திருக்கும். கையைச் சேலையில் நன்றாகத் துடைத்து, ஒரு மூச்சு எடுத்து, மறுபடி வைத்தார்.

நானாவின் சட்டைப் பையில் போன் ஒருமுறை துள்ளியது. எடுத்துப் பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி இன்னொரு முறை பார்த்தார். சாவிக்கொத்திலிருந்து வேன் சாவியைக் கழற்றி அக்காவின் கையில் வைத்தார்.

"ரெண்டாவது கியரு கொஞ்சம் அடம் புடிக்கும். திட்டுனா கேக்கும்" என்று சொல்லிக் கதவை முழுக்க இறக்கிவிட்டு, வேகவேகமாகப் பள்ளிக்கு நடந்தார்.

அக்கா வேனுக்குள் ஏறி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டார். சாவியைப் போடவில்லை. அவருக்கு ஓட்டத் தெரியும், ஆனால் எங்கேயும் போகிற மாதிரி தெரியவில்லை. வேனின் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்தார். ஹார்னை லேசாக அழுத்திப் பார்த்தார். பிறகு சுண்டுவிரலை மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் படியில் உட்கார்ந்து, பசி எடுத்ததால் அவர் கொண்டுவந்திருந்த ஆறிப்போன தோசையைத் தின்றேன்.

ஜும்மா முடிந்து நானா திரும்பி வந்தார். புக்கிட் மெர்தாஜம் ஆளுக்கு போன் போட்டு, வேன் போய்விட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுக் கடையைத் திறந்தார். அடுக்கி வைத்திருந்த பருப்பு மூட்டைகளையும், வாசலில் நின்ற வேனையும், மூட்டைகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"விக்கிற அவசரத்துல ஒண்ண மறந்துட்டேன்" என்றார். "புது வேன் வர இன்னும் நாள் இருக்கு. நாளைக்குக் காலைல சாப்பாட்டுக்கடைக்கெல்லாம் பருப்ப யாரு கொண்டு போய்க் குடுக்குறது?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"அவன் எங்கிட்ட மாவாட்ட வந்திருக்கான்" என்றார் அக்கா.

"வரலக்கா. விரலு கொண்டு வந்தேன். விரல் வேல முடிஞ்சிருச்சு."

"போடா. என்னமோ நான் கெஞ்சுன மாதிரி." திட்டினாலும் குரலில் கோபம் இல்லை. வேன் ஸ்டார்ட் ஆனது. இரண்டாவது கியருக்கு வரும்போது உள்ளேயிருந்து அவர் எதையோ திட்டுவது கேட்டது.

மறுநாள் காலை நானாவின் கடையில் சேர்ந்தேன். பின்கட்டில் படுக்க இடம், இரண்டு வேளை சாப்பாடு, நாள் கூலி, புது வேன் வரும்வரை மட்டும். கயிறு இல்லாத வேலை. பின்பக்கம் கிடந்த ஒரு தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு வந்தோம். ஒரு சக்கரத்துக்கு மட்டும் எண்ணெய் போட வேண்டியிருந்தது. நானா வரிசையாகச் சொல்லச் சொல்ல, துவரம்பருப்பு மூட்டையை முதலில், கடலைப்பருப்பை அதன்மேல், உளுந்தை ஓரத்தில் என்று ஏற்றினேன். தெருவில் அப்போதுதான் கடைகள் திறந்துகொண்டிருந்தன. கைப்பிடியைப் பிடித்து உந்தினேன், வண்டி நகர்ந்தது.